பார்க்க மட்டும் வந்த மிஸ்ஸி

என் ஆயுளில் என்னை அதிகமாக ஆத்திரப்பட வைத்தவர் யார் என்று கேட்டால் எங்கள் ரப்பர் தோட்டத்து மேனேஜரைச் சொல்ல மாட்டேன். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியையும் சொல்ல மாட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே தெரியும். காலையில் எழுந்ததும் ஒரு தடவை திட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம். என் வயிற்றெரிச்சலை மொத்தமாக வாங்கிக்கொண்டவர் ஒரு நல்ல மனுஷி. ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. யாரையும் விரல் நீட்டிக் குறை சொன்னதில்லை. அதுதான் பிரச்சினையே.

மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். நர்ஸ் வேலை பார்த்தவரை மலேசியாவில் வேறு எப்படிக் கூப்பிடுவது? யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா புலாவ் செபாங்கில் ரயில்வேயில் இருந்தவர். மிஸ்ஸி பிறந்ததே அங்குள்ள குவார்ட்டர்ஸில்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்றபின் கிளேபாங்கில் கடலோரமாக ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். வாரம் ஒரு தடவை பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வருவார். சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்தவர்களுக்கு லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் போய்க் கட்டு மாற்றிவிடுவார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாருக்கும் மனசு வரவில்லை.

வெளுத்த பருத்திச் சேலை, கான்வாஸ் சப்பாத்து, கறுப்புக் குடை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது நெஞ்சில் குத்தியிருந்த தலைகீழ்க் கடிகாரத்தை ஓய்வு பெற்ற பிறகும் கழற்றவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், அதில் நூல் கட்டித் தொங்கும் பென்சில். பார்த்ததை எழுதுவார். எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

எதிலுமே சொல்ல மாட்டார். அதுதான் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கும். ஒரு நாள் பாசாரில் அவரைப் பார்த்தேன். கெம்போங் மீனா, தெங்கிரியா, எது இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டும் மீன்தானே தம்பி என்றார். டிவியில் மலேசியா பந்தாடினால் எங்கள் வீட்டில் எல்லாரும் தொண்டை கிழியக் கத்துவோம். மிஸ்ஸி எதிர் டீம் கோல் போட்டாலும் கையை இரண்டு தட்டு தட்டுவார். கிராணி வீட்டில் ஒரு கிளாஸ் தேத்தண்ணீர் குடித்தால் அடுத்து எங்கள் வீட்டில் ஒரு கிளாஸ் குடித்தே ஆக வேண்டும். கிராணிக்கும் எனக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். நெஞ்சுக் கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்து, அங்கே உட்கார்ந்த அதே நேரம் இங்கேயும் உட்காருவார். என் மனைவி சரோஜா அதைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், வேளாங்கண்ணிக்குப் போவார்கள். மிஸ்ஸி சண்டை நடக்கிற ஊராகப் பார்த்துப் போனார். பல தேசத்து ஆட்கள் சேர்ந்த ஒரு தொண்டர் கூட்டம் இருந்தது. துப்பாக்கி கிடையாது, சம்பளமும் கிடையாது. தேர்தல் நடக்கும் நாட்டுக்குப் போய் ஓட்டுப் பெட்டி பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். யாரையாவது கொல்லப்போகிறோம் என்று மிரட்டல் வந்திருந்தால் அந்த ஆள் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே நடப்பார்கள். வெளிநாட்டு ஆள் ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றால் சுடுகிறவன் கொஞ்சம் யோசிப்பானாம். ஒரு நாட்டில் நாலு மாதம் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியையோடு காலையும் மாலையும் நடந்திருக்கிறார். அந்த ஆசிரியையின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்.

எனக்கு ஆறவில்லை. "அப்ப அவனுங்க சுட்டுட்டா?"

"சுட்டதை எழுதோணும்."

"உங்களயே சுட்டுட்டா மிஸ்ஸி?"

"பக்கத்தில நிக்கிறவர் எழுதுவார்."

லோரி ஓட்டுகிறவன் நான். ஒருத்தன் குறுக்கே வந்தால் ஹோர்ன் அடிப்பேன், கேட்காவிட்டால் இறங்கிச் சட்டையைப் பிடிப்பேன். நின்று பார்ப்பது ஒரு வேலை, அதற்கு ப்ளேன் ஏறிப் போவது ஒரு பெருமை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சிலோனுக்குப் போக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டிருக்கிறார். அப்பாவின் ஊர். சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் அங்கே சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா யாழ்ப்பாணம் என்றால் நீ ஒரு பக்கத்து ஆள், அங்கே உன்னை அனுப்ப முடியாது என்றார்களாம். இதை அவர் சொன்னபோது எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. சண்டை போட்டிருக்கலாமே மிஸ்ஸி என்றேன். அவர்கள் சொன்னது சரி என்றார். அதற்குப் பிறகு ரேடியோவில் சிலோன் செய்தி வந்தால் எழுந்து போய்ப் பின்பக்கம் நின்றுகொள்வார். சரோஜா ரேடியோவைச் சின்னதாக்குவாள்.

அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நானே அசந்துபோன ஒரு நாள் உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழா. தேரை முதலில் யார் தொடுவது என்று மேல் லயத்துக்காரர்களுக்கும் கீழ் லயத்துக்காரர்களுக்கும் வருஷா வருஷம் வாய்ச்சண்டை நடக்கும். அந்த வருஷம் போத்தல் பறந்தது. நாற்காலி பறந்தது. இரண்டு பேர் வீட்டுக்கு ஓடிப் பாராங் கத்தி எடுத்துவந்து விட்டார்கள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினேன், சமாதானம் செய்ய அல்ல. அப்போது மிஸ்ஸி குடையை விரித்துக்கொண்டு நடந்து போய் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக நின்றார். கெட்ட வார்த்தை சொன்னவனைத் திரும்பிப் பார்த்து, அதையும் எழுதினார். கொஞ்ச நேரத்தில் கத்தி வைத்திருந்தவர்களுக்கே கூச்சம் வந்துவிட்டது. ஒருத்தன் கத்தியைக் கைலிக்குள் மறைத்தான். ஒரு மணி நேரத்தில் தேர் நகர்ந்தது.

யார் மேல் தப்பு என்று அவரிடம் இரண்டு பக்கமும் கேட்டார்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து படித்தார். நாலே கால் மணிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு போத்தல் வந்தது. நாலு பதினேழுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாற்காலி வந்தது. நாலு இருபதுக்கு ஒரு கல் வந்து ஒரு பெண்ணின் தோளில் பட்டது. எந்தப் பெண் என்று கேட்டார்கள். அவர் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். மறுநாள் சரோஜாதான் அந்தத் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். முட்டை அளவுக்கு வீங்கியிருந்ததாம்.

அதனால்தான், எங்களுக்கு ஓட்டெடுப்பு என்று வந்தபோது அவரைக் கூப்பிடலாம் என்று நானே சொன்னேன். நானே சொன்னேன் என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி பாதித் தோட்டத்தை விற்றது. ஃபேக்டரி வரப்போகிறது என்றார்கள். எங்கள் லயங்கள் அந்தப் பாதியில்தான் நின்றன. மீதிப் பாதியில் ரப்பர் அப்படியே இருக்கும், பால் வெட்டும் நடக்கும். எல்லாரும் பாயா ரும்புட் பக்கம் கட்டியிருக்கும் ஃபிளாட்டுக்குப் போய்விடுங்கள், வாடகை பார்த்துக் கொடுக்கிறோம் என்றது கம்பெனி. குடியிருப்போர் கமிட்டிக்கு நான் செகரட்டரி. எங்களுக்கு ஃபிளாட் வேண்டாம், மீதித் தோட்டத்து ஓரத்தில் ஆளுக்கு ஒரு துண்டு நிலமும் வீடும் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். என் அப்பா அங்கே செத்தார். என் தம்பியைப் பாம்பு கடித்தது அங்கேதான். இரண்டு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு கைப்பிடி எங்கள் பெயரில் வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். மேனேஜர் ஆபீஸில் கூப்பிட்டு ஒரே பேச்சாகப் பேசினார். ஆளுக்கு ஒன்று கேட்காதீர்கள், ஓட்டெடுத்து எது அதிகமோ அதைச் சொல்லுங்கள், எல்லாருக்கும் அதுதான், ஆனால் ஓட்டு ஒழுங்காக நடக்க வேண்டும் என்றார்.

ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மிஸ்ஸியை விட்டால் யார்? அவர் ஒத்துக்கொண்டார். கூடவே தொல்லையும் ஆரம்பமானது.

முதலில், வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம். கோயில் கமிட்டி, சாவுச் சங்கம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். மிஸ்ஸி மாற்றச் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போகப்போவது ஒருத்தரா, எல்லாருமா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி, பெரியவர்கள் எல்லாருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் லாபம் என்று நினைத்தேன். புருஷன் போடுவதைத்தானே பெண்டாட்டியும் போடுவாள்? என் ஓட்டெல்லாம் இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டேன்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக ஓட்டுச் சீட்டில் படம் போட்டோம். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் ஃபிளாட். வேண்டியதன் கீழே ஒரு கோடு போட வேண்டும். படம் வரைந்தவன் நான். மிஸ்ஸி சீட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை மரம் நிற்கிறது, ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லையே என்றார். திரும்ப வரைந்தேன். ஃபிளாட் சாய்ந்திருக்கிறது என்றார். மூன்றாவது தடவை ரூலர் வைத்து இரண்டையும் ஒரே உயரத்துக்கு வரைந்தேன். தலையால் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டார்.

ஓட்டு நாளுக்கு முந்தின வாரம் நான் வாய்விட்டுக் கேட்டேன். தோட்டத்தில் மிஸ்ஸி சொன்னால் கசப்பு மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற ஆட்கள் நாற்பது பேர் இருந்தார்கள். கட்டு மாற்றும்போது, நிலம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை காதில் போட்டால் போதும்.

"ஒரே ஒரு வார்த்தை மிஸ்ஸி. நீங்க பொய் சொல்ல வேணாம். மண்ணு நல்லதுன்னு சொன்னா போதும்."

"நான் பாக்க வந்தனான் தம்பி. சொல்ல வரேல்லை."

"உங்களுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவர் கோபப்படவில்லை. கிராணியும் ஃபிளாட்டுக்காக இதையே கேட்டார், அவருக்கும் இதையே சொன்னேன் என்றார். அதைக் கேட்டபின் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்டு நாள் வந்தது. தோட்டத்து மண்டபத்தில் ஒரு மூலையில் சரோஜாவின் சாரோங்கைத் திரையாகக் கட்டி, நடு மேசையில் பெரிய பிஸ்கட் டின்னை வைத்தோம். மேலே வெட்டி ஓட்டை போட்டது நான்தான். திரைக்குப் பின்னால் போய்க் கோடு போட்டு, மடித்து, டின்னில் போட வேண்டும். அவ்வளவுதான். மேசைக்குப் பக்கத்தில் நான் நின்றேன். எதிர்ச் சுவரோரம் மிஸ்ஸி.

முதல் ஆள் ஒரு கிழவர். திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். டின் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து சீட்டை விரித்துக் காட்டினார். வீட்டுப் படத்துக்குக் கீழே கோடு. நான் தலையை ஆட்டினேன். மடித்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆளும் வந்து காட்டினார். அதற்கடுத்த பெண்ணும் காட்டினாள். நான் யாரையும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. தோட்டத்தில் எழுத்து இருக்கிற எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் யாரிடமாவது காட்டித்தான் பழக்கம். ஆஸ்பத்திரித் துண்டு, பள்ளிக்கூடத்துக் கடிதம், ஐசி அடையாளக் கார்டு ஃபாரம், எல்லாம் என்னிடம்தான் வரும். சரியாக இருக்கிறதா அண்ணே என்று கேட்பார்கள். நான் பார்த்துத் தலையாட்டினால்தான் அவர்களுக்கு நிம்மதி. ஓட்டுச் சீட்டையும் அப்படியே கொண்டுவந்தார்கள். காட்டாமல் போடுவது மரியாதைக் குறைவு என்றுகூட நினைத்திருப்பார்கள்.

மிஸ்ஸி சுவரோரத்திலிருந்து வந்தார். தம்பி, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ என்று மெதுவாகச் சொன்னார். திரும்பினேன். அடுத்து ஓட்டுப் போட வந்தவன் சுற்றிவந்து என் முன்னால் நின்று காட்டினான். மூன்று தடவை சொன்னார் என்று பிறகு அவர் நோட்டுப் புத்தகத்தில் பார்த்தேன். மூன்றாவது தடவை நான் திரும்பவே இல்லை. ஏன் திரும்ப வேண்டும்? எல்லாம் என் பக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. சரோஜாவும் வந்தாள். சீட்டை நீட்டி, சரிதானேங்க என்றாள். வீட்டுக்குக் கீழே நேரான கோடு. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

எண்ணிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு. மண்டபமே ஆடியது. என்னைத் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் போனார்கள். அன்று நான் பட்ட சந்தோஷத்தை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

மறுநாள் மிஸ்ஸியின் அறிக்கை வந்தது. ஒரே ஒரு பக்கம். ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி கிராணிக்கு. மண்டபத்தில் அவரே படித்தார். கிராணி வாசலில் மேசை போட்டு வருகிறவர்களுக்கு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து ஃபிளாட்டைப் பற்றிப் பேசினார் என்று எழுதியிருந்தது. நான் கை தட்டினேன். அடுத்த வரியில் கை நின்றுவிட்டது. செகரட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சீட்டை அவரிடம் காட்டிவிட்டுப் போட்டார்கள். அவர் யாரையும் மிரட்டவில்லை. தலையசைத்தார். திரும்பி நிற்கும்படி மூன்று முறை கேட்டுக்கொள்ளப்பட்டார். இவ்வளவுதான் அறிக்கை. செல்லும் என்றும் இல்லை, செல்லாது என்றும் இல்லை.

கம்பெனிக்கு இது போதாதா? ஓட்டு செல்லாது, திரும்ப நடத்துங்கள் என்று கடிதம் வந்தது.

நான் லோரியை எடுத்துக்கொண்டு கிளேபாங்குக்கே போய்விட்டேன். வாசலில் நின்று கத்தினேன். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். உங்களுக்குக் கிளேபாங்கில் வீடு இருக்கிறது, கடல் காற்று வருகிறது, எங்களுக்கு எது இருக்கிறது என்று கேட்டேன். கம்பெனிக்காரன் ஆளா நீங்கள் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். மிஸ்ஸி கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"என்ன எழுதுறீங்க இப்ப?"

"செகரட்டரி கோபப்பட்டார் எண்டு."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க."

"அடிக்க வரேல்லை எண்டும் எழுதியிருக்கிறன்."

இரண்டாவது ஓட்டில் எல்லாம் அவர் வைத்த சட்டம் மாதிரி நடந்தது. உண்மையில் சட்டம் வைத்தது இரண்டு பக்கமும் சேர்ந்துதான். அந்த அறிக்கையில் இருந்ததையெல்லாம் இல்லாமல் செய்தோம். கிராணி ஆபீஸிலேயே இருக்க வேண்டும். நான் மண்டபத்துக்கு வெளியே, ரப்பர் மரங்களைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் சிலிப்பர் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போகும், கொஞ்ச நேரம் நிற்கும், வெளியே வரும். ஒருத்தரும் என் பக்கம் வரவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழு ஓட்டில் தோற்றோம். நாலு பேர் மாற்றிப் போட்டிருந்தால் நிலம் எங்களுடையது. இந்தக் கணக்கை அன்றிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த நாற்பது பேரில் நாலு பேர் காதில், கட்டு மாற்றும்போது, ஒரு வார்த்தை. மிஸ்ஸியின் இரண்டாவது அறிக்கை முதலாவதைவிடச் சின்னது. ஓட்டுப் போட்டவர்கள் யாரும் யாரிடமும் சீட்டைக் காட்டவில்லை என்று இருந்தது. அதை நான் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் ஃபிளாட்டுக்கு வந்தோம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தோட்டத்து லோரி வேலை போய், நான் வாடகைக்கு லோரி ஓட்டினேன். சரோஜா நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஃபேக்டரி பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. மேலே கட்டில் இழுக்கிறான், கீழே மீன் வறுக்கிறான், கால் வைத்தால் மண் இல்லை. யார் வந்தாலும் அந்த ஏழு ஓட்டுக் கதையைச் சொல்வேன். சொல்லி முடிக்கும்போது மிஸ்ஸியைத் திட்டி முடிப்பேன். சரோஜா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மிஸ்ஸி அதற்குள் இன்னொரு நாட்டுக்குத் தேர்தல் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார். நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இளைத்திருந்தார். நான் வாங்க என்று சொல்லவில்லை. சரோஜாதான் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள், தேத்தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தாள். மிஸ்ஸி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

பாருங்கள் மிஸ்ஸி, நன்றாகப் பாருங்கள், பார்ப்பதுதானே உங்கள் வேலை என்றேன். ஊர் ஊராகப் போய் யாரோ ஒருத்தருக்குத் துணைக்கு நின்றீர்கள், பக்கத்தில் இருந்த எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு நாக்கு எழவில்லையே என்றேன். நாலு பேர், நாலே நாலு பேர் என்று விரலை நீட்டினேன். மிஸ்ஸி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

அடுப்படி வாசலிலிருந்து சரோஜா பேசினாள்.

"மிஸ்ஸிய ஏசாதீங்க. அந்த நாலு பேர்ல நான் ஒருத்தி."

எனக்குப் புரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உடனே புரிந்தது. ஆனாலும் கேட்டேன்.

"மொத தடவ வீட்டுக்குத்தானே கோடு போட்ட. எங்கிட்ட காட்டினியே."

"நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. அதான் போட்டேன்."

மிஸ்ஸி கிளாஸைக் கீழே வைத்தார். மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் போட்டார். கத்திக்கு நடுவில் நின்று நகராத மனுஷி எழுந்து, நான் வெளியில நிக்கிறன் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். அந்த நேரத்திலும் எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நாள் எல்லாவற்றையும் பார்த்தவர், இதை மட்டும் பார்க்க மாட்டேன் என்று போகிறாரே என்று வந்தது.

சரோஜா உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "பதிமூணு வயசுலேர்ந்து பால் வெட்டுறேங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சு, அந்த மரத்தப் பாத்தாலே எனக்கு வயித்தப் பொரட்டும். நீங்க லோரில வெளிய போயிட்டு வர்றவரு. அங்கயே மண்ணும் வீடும் குடுத்தா, சாகுற வரைக்கும் நான் அந்த மரத்துக்கிட்டத்தானே கெடக்கணும்? இங்க நான் ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கிறேன்."

அப்பா செத்த மண் என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த நாட்களில் எல்லாம் இவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். கோபமா, அவமானமா, எனக்கே தெரியவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"யாருகிட்டங்க?" என்றாள் சரோஜா.